புல்லட்டின் காபரேட்டரும் மாறி வந்த பெட்ரோலும்

கிக்கரை எத்தனை உதைத்தாலும் வண்டி எழும்பவில்லை என்றால், எங்கள் தலைமுறையில் எல்லார் வாயிலும் வரும் முதல் வார்த்தை, "காபரேட்டர் அடைச்சிருக்கும்". பல நேரம் அது சரிதான். ஆனால் அடைத்தது எது என்று பார்த்தால், அந்தந்தக் காலத்தில் நாம் டேங்கில் ஊற்றிய பெட்ரோலின் கதையே அதற்குள் இருக்கும்.

புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் வண்டி. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் 350 சிசி புல்லட்டை எல்லைப் பணிக்கு வாங்கியது. 1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் அங்கிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு திருவொற்றியூரிலேயே முழு வண்டியும் தயாரானது. தாய்க் கம்பெனி மூடிய பிறகும் பிள்ளை ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நாள் புல்லட்டில் இருந்தது பர்மிங்ஹாமின் அமல் காபரேட்டர். 1927ல் மூன்று கம்பெனிகள் ஒன்றாகி உருவான பெயர் அது. டிக்ளரை அமுக்கிப் பெட்ரோல் வழிந்த பிறகு உதைப்போமே, அதுதான். பின்னாளில் ஜப்பானிய மிகுனி மாதிரியில் மிக்கார்ப் வந்தது. டிக்ளர் போய் சோக் வந்தது. அடிப்படை மட்டும் மாறவில்லை. குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த இழுப்பில் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறித் தூறலாகக் காற்றோடு கலக்கும். ஊசிமுனை அளவுத் துளைதான் ஜெட். அதற்குத் தூசியும் எதிரி, துருவும் எதிரி, தண்ணீரும் எதிரி.

1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததால் கலப்படமும் பெருகியது. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. காலையில் வண்டி எழும்பாது, எழும்பினால் புகை, ஏற்றத்தில் 'டக் டக்' என்று தட்டல், கழற்றினால் பிளக்கில் கரி. காபரேட்டரை நாலு தரம் கழுவினாலும் இது தீராது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டதும், பங்கில் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் வழக்கமும் இதற்காகத்தான். நல்ல பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும்.

2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. வால்வு சீட் தேய்ந்துவிடும் என்று பழைய வண்டிக்காரர்கள் பயந்தார்கள். காபரேட்டருக்கு அதனால் கெடுதல் இல்லை. நாம் சுவாசித்த காற்றிலிருந்து ஈயம் போனது பெரிய லாபம்.

இப்போதைய கதை எத்தனால். 2003ல் சில மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கி, 2022ல் 10 சதவீதமாகி, 2023 முதல் 20 சதவீதக் கலப்பு பங்குகளுக்கு வந்தது. பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் கூடுதலாகப் போக வேண்டும். 2020ல் பிஎஸ் 6 விதியோடு வந்த இன்ஜெக்ஷன் வண்டிகள் சென்சார் வைத்து அதைச் சரிக்கட்டும். பித்தளை ஜெட்டின் துளை தானாக விரியாது. அதனால் பிளக் வெளுக்கும், இன்ஜின் சூடேறும், இழுவை குறையும்.

இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நிறுத்தி வைத்த வண்டியில் தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ரிசர்வில் முதலில் இறங்குவது அதுதான். பழைய ரப்பர் டியூபும் வாஷரும் ஊறி உப்பும்.

ஆகவே வண்டி மக்கர் செய்தால் மேலிருந்து கீழே வாருங்கள். நாலு கிலோமீட்டர் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று போய் மறுபடி ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து டியூபைக் கழற்றிப் பெட்ரோல் தாராளமாக விழுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் டேப்பின் வலையில் அடைப்பு. பிறகு ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் முத்துமுத்தாக அடியில் நிற்கும், துருவும் தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகே ஸ்பேனர். ஐட்லிங் நிற்காவிட்டால் பைலட் ஜெட், முழு வேகத்தில் இழுக்காவிட்டால் மெயின் ஜெட், வழிந்துகொண்டே இருந்தால் ஃப்ளோட் நீடில். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். காற்றடித்தால் போதும்.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேப்பை மூடி, கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பசையாகப் படிந்துதான் முக்கால்வாசி ஜெட்டுகள் அடைக்கின்றன.

அப்பா ஓட்டிய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, இன்ஜின் போய்விட்டது என்று பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டு விற்கிறார்கள். விற்பதற்கு முன்னால் அந்தக் கிண்ணத்தை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரண்டு ஸ்பூன் கெட்டுப்போன பெட்ரோலாகத்தான் இருக்கும்.