மோட்டார்க் காப்புறுதியின் வரலாறும் எல்லையும்

மோட்டார்க் கார் வைத்திருப்போர் ஆண்டுக்கொருமுறை கட்டுப்பணம் செலுத்திக் காப்புறுதிப் பத்திரம் ஒன்றைப் பெற்றுக்கொள்கின்றனர். பெற்றதை மடித்துக் காரினுள் வைத்துவிட்டு, இனி எது நேரினும் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்று கவலையற்றிருப்போர் பலர். அப்பத்திரம் எதற்குப் பொறுப்பேற்கின்றது, எதற்குப் பொறுப்பேற்பதில்லை என்பதை விபத்து நேர்ந்த பின்னரே வாசித்தறிவோரும் உளர். காப்புறுதியின் எல்லைகள் ஒரே நாளில் வகுக்கப்பட்டவையல்ல. அவை உருவான வரலாற்றை அறிந்தவர்க்குப் பத்திரத்தின் சொற்கள் எளிதில் விளங்கும்.

இன்று நாம் அறியும் காப்புறுதி பெரும்பாலும் கடல் வணிகத்திலே வளர்ந்ததாகும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டன் மாநகரில் எட்வர்ட் லொயிட் என்பவர் நடத்திய கோப்பிக் கடையிலே கப்பற் சொந்தக்காரரும் வணிகரும் கூடினர். கப்பல் மூழ்கினால் இன்ன தொகை தருவேன் என்று பொறுப்பேற்பவர், ஒப்பந்தத்தின் அடியிலே தம் பெயரை எழுதினார். 1666ஆம் ஆண்டில் அதே நகரை எரித்த பெருந்தீயின் பின்னர், வீடுகளுக்கும் தீக்காப்புறுதி தோன்றியது.

காப்புறுதி பெறுவோர் உண்மையை ஒளித்தலாகாது என்னும் விதி ஒரு கோட்டை பற்றிய வழக்கினால் நிலைபெற்றது. சுமாத்திராத் தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டையொன்று 1760ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அது பகைவர் கைப்படலாம் என்று அதன் ஆளுநர் முன்னரே காப்புறுதி பெற்றிருந்தார். பணம் தர மறுத்தவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கை 1766ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்தார். தீர்ப்பு ஆளுநருக்கே சாதகமாயிற்று. ஆயினும், ஆபத்தைப் பற்றிய முக்கிய செய்திகளை இருதிறத்தாரும் மறையாது கூறல் வேண்டும் என்ற நெறியை அவர் அத்தீர்ப்பிலே நிலைநாட்டினார். இன்று நாம் நிரப்பும் விண்ணப்பப் படிவத்தின் வினாக்களுக்குப் பின்னால் நிற்பது அந்நெறியே.

இனி மோட்டார்க் காரைக் காண்போம். 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இலண்டனில் பளிங்கு மாளிகை எனப்பட்ட கண்காட்சி மண்டபத்தின் வளவிலே, பிரிட்ஜெற் டிறிஸ்கொல் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். பிரித்தானியாவில் பெற்றோல் கார் மோதி உயிர்நீத்த முதற் பாதசாரி அவரே என்பர். இத்தகைய நிகழ்ச்சி இனியொருபோதும் நேராதிருத்தல் வேண்டுமென மரண விசாரணை அதிகாரி கூறினார். அவர் விருப்பம் நிறைவேறவில்லை என்பதை உலகறியும்.

ஈராண்டுகளின் பின், 1898 அளவில், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார்க் காப்புறுதிப் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அக்காலத்துப் பிரித்தானியப் பத்திரமொன்றிலே இருந்த விலக்கு சுவையானது. காரின் ஓசைக்கு மிரண்ட குதிரைகளால் விளையும் சேதத்திற்கு நட்டஈடு இல்லை என்றது அது. தெருவெல்லாம் குதிரைகள் நிறைந்திருந்த காலம் அது. அடிக்கடி நிகழக்கூடியது எதுவோ அதனையே கம்பனி முதலில் விலக்கிற்று. எக்காலத்துப் பத்திரத்தை வாசிப்பதற்கும் இவ்வுண்மை உதவும்.

கார்கள் பெருகின, விபத்துகளும் பெருகின. காயமுற்றவர் வழக்கிலே வென்றாலும், கையிற் பணமில்லாத சாரதியிடமிருந்து பெறுவது யாது? இக்குறையை நீக்கவே பிரித்தானியாவில் 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. ஒப்பந்தம் செய்த இருவரையும் தவிர்ந்த பிறரே மூன்றாந்தரப்பினர். தெருவிற் செல்லும் வழிப்போக்கர் அவருள் முதல்வர். அச்சட்டம் கட்டாயமாக்கியது பிறருக்கு நேரும் மரணத்திற்கும் உடற்காயத்திற்குமான பொறுப்பை மட்டுமே. தனியார் காரிலே உடன் செல்லும் பயணிகளுக்கு அக்காப்பு அங்கே கட்டாயமாவதற்கு 1972ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலே, 1938ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்க் கட்டளைச் சட்டம் இவ்வழியையே பின்பற்றியது. பின்னர் வந்த 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டமும் அக்கடமையைத் தொடர்ந்து விதித்தது. இச்சட்டங்களின் நோக்கம் தெருவிலே செல்பவரைக் காப்பது, காரைக் காப்பதன்று. ஆகவே மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டுமே பெற்றவர், தம் கார் மதிலிலே மோதி நொறுங்கினாலும் திருடப்பட்டாலும் ஒரு சதமும் பெறமாட்டார். சட்டம் கேட்டதைச் செய்துவிட்டோம் என்பது வேறு. நம் உடைமையைக் காத்துக்கொண்டோம் என்பது வேறு.

அவ்வாறாயின், முழுமையான காப்புறுதி எனப்படுவது யாவற்றையும் காக்குமா? அன்று. மோதல், தீ, களவு ஆகியவற்றால் தம் காருக்கு நேரும் சேதத்தையும் அது ஏற்கும் என்பதே அப்பெயரின் பொருள். நாட்பட்ட தேய்மானத்தையும் இயந்திரம் தானாகப் பழுதாவதையும் அது ஏற்காது. அனுமதிப்பத்திரமில்லாதவர் ஓட்டினாலும், மதுபோதையில் ஓட்டினாலும் காருக்கான நட்டஈடு மறுக்கப்படும். கார் முற்றாக அழிந்தால், வாங்கிய விலையன்றி அழிந்த நாளின் சந்தைப் பெறுமதியே பொதுவாகக் கணக்கிடப்படும். குறைந்த கட்டுப்பணத்திற்காகப் பெறுமதியைக் குறைத்துக் கூறியவர்க்கு நட்டஈடும் குறையலாம்.

கலவரச் சேதம் தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்கப்பட வேண்டியதென்பதை நம் மக்கள் பெருந்துயரின் வாயிலாக அறிந்தனர். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில், வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென அரசாங்கமே தனி நிதியமொன்றை அமைத்தது. இன்றும் இவை பத்திரத்திலே தாமாக அடங்குபவையல்ல. வெள்ளம் முதலிய இயற்கை அனர்த்தங்களும் பல பத்திரங்களிலே அவ்வாறே கேட்டுச் சேர்க்க வேண்டியவை.

என் அனுபவமொன்றையும் ஈண்டுக் கூறல் பொருந்தும். சில ஆண்டுகளின் முன், எம் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த வானொன்று மழைநாளில் வழுக்கி மதகிலே மோதிற்று. இறைவன் அருளால் பிள்ளைகள் சிறு காயங்களுடன் தப்பினர். வானின் முன்புறம் முற்றாகச் சிதைந்தது. மறுவாரம் அதன் உரிமையாளர் பத்திரத்துடன் என் அலுவலகத்திற்கு வந்தார். "ஐயா, முழுமையான காப்புறுதி என்றுதானே எழுதியிருக்கின்றது? தரமாட்டோம் என்கின்றார்களே" என்றார். வாங்கி வாசித்தேன். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்ற வரி இரண்டாம் பக்கத்திலே இருந்தது. அவரோ பெற்றோரிடம் மாதந்தோறும் கூலி பெற்றே பிள்ளைகளை ஏற்றினார். கூலிக்கு ஓடும் வாகனத்தின் கட்டுப்பணம் கூடுதலென்பதால் அதனைத் தவிர்த்திருந்தார். கடன்பட்டே வானைத் திருத்தினார்.

அவரைக் கடிந்துகொள்ள என் நா எழவில்லை. அந்த வான் ஈராண்டுகளாக எம் வாயிலிலே வந்து நின்றது. அதில் ஏறும் பிள்ளைகளுக்கு யாது காப்பு உண்டு என்று நானும் ஒரு நாளேனும் கேட்டேனல்லேன். காயங்கள் பெரியவையாக இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற எண்ணம் பல இரவுகள் என் உறக்கத்தைக் கெடுத்தது. அன்றுமுதல், ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் வான்காரர்களின் பத்திரங்களை வாங்கி வாசித்த பின்னரே பிள்ளைகளை ஏற்ற அனுமதிக்கின்றேன்.

ஆதலின், நேயர்களே, இன்றே உங்கள் பத்திரத்தை எடுத்து மூன்று பகுதிகளை வாசியுங்கள். எவர் ஓட்டலாம், எத்தேவைக்கு ஓட்டலாம், எவை விலக்கப்பட்டுள்ளன என்பனவே அவை. விளங்காத சொல்லுக்கு விளக்கத்தைக் கம்பனியிடம் எழுத்திலே கேட்டுப் பெறுங்கள். விபத்துக்கு முன்னர் வாசித்தால் குறையைத் திருத்திக்கொள்ளலாம். பின்னர் வாசித்தால் வருந்துவதன்றி வேறு வழியில்லை.