மிளகாய் வந்த வழி

போளூர்ப் பக்கம் கோடையில் கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் இருந்தால் போதும். பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் வற்றியதும் சுக்காகக் காயவைத்து, எண்ணெயில் கருகப் பொரிப்பார்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் இவ்வளவு உரிமையோடு புழங்கும் இந்தக் காய்க்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸின் பயணத்தால் ஐரோப்பாவுக்குப் போய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் நம் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு.

மிளகாயின் காரம் விதையில் இல்லை. காயை நெடுக்கில் பிளந்தால் விதைகளைத் தாங்கும் வெள்ளைச் சதை தெரியும். காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள் ஊறுவது அங்கேதான். விதையை மென்று அழிக்கும் விலங்குகளுக்கு அது எரியும். முழுதாக விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும் பறவைகளுக்கு உறைக்காது.

அந்த எரிச்சல் எப்படி உண்டாகிறது என்பதை 1997இல் அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு கண்டறிந்தது. வலி நரம்பின் நுனியில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்க வேண்டிய கதவு அது. கேப்சைசின் பட்டாலும் திறந்துகொள்கிறது. கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, சூடே இல்லாமல் ‘சுடுகிறது’ என்ற சேதி மூளைக்குப் போகிறது. மிளகின் பைப்பரினும் திறப்பது இதே கதவைத்தான். கடல் கடந்து வந்த காரம் நம் நாக்குக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். இக்கண்டுபிடிப்புக்காக ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எரிக்கும் அதே பொருள் வலியையும் அடக்குகிறது. கேப்சைசின் அதிக அளவில் படிந்தால் நரம்பு நுனி சில காலம் செயலிழந்து, வலிச் சேதி அனுப்புவதை நிறுத்திவிடும். அக்கி ஆறிய பின்னும் விடாத நரம்பு வலிக்கு, 8 சதவீதக் கேப்சைசின் ஒட்டுப்பட்டையை அமெரிக்கா 2009இல் அனுமதித்தது. சர்க்கரை நோயாளிகளின் பாத வலிக்கு 2020இல் அனுமதித்தது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே போட வேண்டியது அது. வீட்டில் மிளகாயை அரைத்துப் பூசினால் தோல் வெந்துபோகும்.

சர்க்கரை நோயால் பாதம் எரிந்து, இரவெல்லாம் உறங்காமல் கிடக்கும் பெரியவர்கள் இன்று சிற்றூர்களிலும் உண்டு. மிளகாய் நம் அடுப்படிக்கு வந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதிலிருந்து பிறந்த இந்த மருத்துவமும் போளூர் போன்ற ஊர்களின் ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் எட்ட வேண்டும்.