கல்லும் கிலோவும் கணக்குப் புத்தகமும்

பணத்துக்குக் கணக்கு எழுதுகிறோம். நெல்லுக்கு எழுதுகிறோம். பால்காரர் வராத நாளுக்கு நாட்காட்டியில் வட்டம் போடுகிறோம். உடம்பின் பலத்துக்குக் கணக்கு எழுதுவது உண்டா என்று கேட்டால், நம் வரிச்சிக்குடியில் என் வயதுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அப்படி ஒரு பழக்கம் உலகில் உண்டு. அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. அந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக் கல்லும் இருக்கிறது, நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சுக்காரர்களும் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் பதிவேடுகளோடு வாழ்ந்தவன் என்பதால் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் கல். தென் மாவட்டங்களில் ஊர் நடுவிலோ கோயில் வாசலிலோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல் என்பார்கள். இளந்தாரிக்கல், கல்யாணக்கல் என்ற பெயர்களும் உண்டு. அதைத் தூக்கிய வாலிபனுக்கே பெண் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவது வழக்கம். திருநெல்வேலிச் சீமையில் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கலை ஒட்டி இன்றும் போட்டி நடக்கிறது. நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் அங்கே தூக்கப்படுகிறது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கல்லை இரு கைகளாலும் அணைத்து, முதலில் தொடைக்கும், பிறகு நெஞ்சுக்கும், அங்கிருந்து தோளுக்கும் ஏற்றி, முதுகுக்குப் பின்னால் விட வேண்டும். கல் வழவழப்பானது, பிடிமானம் கிடையாது. வெறும் கை பலம் போதாது. இடுப்பும் தொடையும் சேர்ந்து உழைத்தால்தான் கல் எழும்பும்.

இதே போன்ற கல் கிரேக்கர்களிடமும் இருந்தது. ஒலிம்பியாவில் கிடைத்த மணற்பாறை ஒன்றின் எடை 143.5 கிலோ. பைபோன் என்பவன் ஒரு கையால் தன் தலைக்கு மேல் இதைத் தூக்கினான் என்று அந்தக் கல்லின் மீதே பொறித்திருக்கிறார்கள். காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. தூக்கியவன் பெயரைத் தூக்கப்பட்ட பொருளே சுமந்து நிற்கிறது. பலத்துக்கு எழுதப்பட்ட மிகப் பழைய கணக்குகளில் அதுவும் ஒன்று.

ஆனால் கல்லில் ஒரு குறை உண்டு. கல் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. நேற்றைவிட இன்று நீங்கள் கொஞ்சம் தேறியிருக்கிறீர்களா என்று அது சொல்லாது. தூக்கினாய், தூக்கவில்லை என்று இரண்டே தீர்ப்புதான். இருபது வயதில் தூக்கியவனுக்கு அறுபது வயதில் அந்தக் கல் ஒன்றுமே சொல்லாது.

பள்ளியில் பிரெஞ்சு வகுப்பில் எங்கள் முசே சொன்ன கதை ஒன்று உண்டு. க்ரோத்தோன் ஊர் மிலோன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கி நடந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்தது. கடைசியில் முழுக் காளையையே தூக்கினானாம். மிலோன் என்ற மல்லன் உண்மையில் வாழ்ந்தவன், ஒலிம்பியாவில் பலமுறை வென்றவன். காளைக் கதை எவ்வளவு உண்மையோ, அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுமை சிறுகச் சிறுகக் கூட வேண்டும். உடம்பு அறியாத அளவுக்குக் கூட வேண்டும். இன்று உலகம் முழுவதும் பலப்பயிற்சிக்கு அடிப்படை இந்த ஒரு வரிதான்.

சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டுமானால் நம்பகமான அளவு வேண்டும். அதைக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். புரட்சிக்குப் பிறகு 1795 ஏப்ரல் 7ஆம் தேதி வந்த சட்டத்தால் மீட்டரும் கிராமும் பிறந்தன. நம் நாட்டிலோ பலம், வீசை, மணங்கு என்று ஊருக்கு ஊர் கணக்கு. வீசை என்றால் ஏறத்தாழ 1.4 கிலோ. இந்திய அரசு 1956இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபரிலிருந்து கிலோவைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தபோது நான் சிறு குழந்தை. அதன் பிறகும் எங்கள் படிப்பு பிரெஞ்சு வழியிலேயே நடந்ததால் கிலோவும் மீட்டரும் எங்களுக்கு அகர முதல எழுத்துப் போல ஆகிவிட்டன.

பிரான்சில் லீல் நகரத்தைச் சேர்ந்த எத்மோன் தெபோனே (1867–1953) என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நடத்திய உடற்பயிற்சிக் கூடங்களில் சேருபவர்களின் மார்பு, புயம், தொடை எல்லாவற்றையும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்வார்கள். நிழற்படமும் எடுப்பார்கள். சில மாதம் கழித்து மறுபடி அளவு, மறுபடி படம். இன்று விளம்பரங்களில் வரும் ‘முன்பு, பின்பு’ படங்களுக்கு அவரும் ஒரு முன்னோடி. 1911இல் அவர் வெளியிட்ட ‘பலத்தின் அரசர்கள்’ என்ற பிரெஞ்சு நூல், பழைய பயில்வான்கள் யார் எதைத் தூக்கினார்கள் என்பதன் பெரும் பதிவேடு.

அந்தக் காலத்து மல்லன் லூயி யுனி. மேடைப் பெயர் அப்போலோன். இரயில் வண்டிச் சக்கரங்கள் இரண்டைத் தடித்த அச்சோடு சேர்த்து வைத்திருந்தார். எடை ஏறத்தாழ 166 கிலோ. அச்சு தடிமனானது, விரல்கள் அதைச் சுற்றி வளைவதே கடினம். அந்தச் சக்கரத்தைத் தலைக்கு மேல் நிறுத்த அடுத்தவர்களால் ஆகவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஷார்ல் ரிகுலோ 1930இல் நிறுத்திக் காட்டினார். இதுவும் நம் இளவட்டக்கல் மாதிரிதான். பொருள் ஒன்று, தலைமுறைகள் பல.

கல்லுக்கும் சக்கரத்துக்கும் புத்தகம் தேவைப்படவில்லை. புத்தகம் எப்போது தேவைப்பட்டது? எடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி வந்தபோது. 1902இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் என்பவர் எடை மாற்றத்தக்க பளுக்கம்பிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் மைலோ. நம் முசே சொன்ன அதே மிலோன்தான். வீட்டிலேயே ஒருவன் இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் கொஞ்சம் கூட என்று ஏற்றிக்கொள்ள வழி பிறந்தது. போன வாரம் எவ்வளவு என்பது நினைவில் நிற்காது அல்லவா? எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுதுவதை மருத்துவமாக்கியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு, முழங்கால் பலம் இழந்து வந்த சிப்பாய்களுக்குச் சிகாகோ மருத்துவமனையில் அவர் கனமான எடைகளைக் கொடுத்தார். ஓய்வும் மெல்லிய அசைவும்தான் அப்போது வழக்கம். அவர் முறையோ வேறு. ஒருவரால் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடித்து எழுதுவார். வாரம் ஒரு முறை அதைத் திரும்பச் சோதிப்பார். 1945இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து முறையைச் சுருக்கினார்: அந்த எடையில் பாதி பத்து முறை, முக்கால் பத்து முறை, முழு எடை பத்து முறை. உடற்பயிற்சிக் கூடங்களில் ‘மூன்று செட், பத்து ரெப்’ என்று பையன்கள் இன்று சொல்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

1970இல் ஆர்தர் ஜோன்ஸ் நத்தை ஓடு போன்ற சக்கரம் வைத்த நாட்டிலஸ் இயந்திரங்களோடு வந்தார். அவர் கொள்கை தீவிரப் பயிற்சி. பல சுற்று வேண்டாம், ஒரே சுற்று போதும். ஆனால் இன்னொரு முறை தூக்கவே முடியாது என்ற இடம்வரை போக வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு முறை என்பது பொதுக் கணக்கு. பன்னிரண்டைத் தொட்டால் அடுத்த நாள் எடை கூடும். இந்த முறையில் அட்டை எழுதாமல் பயிற்சியே இல்லை.

நம்மவர்களும் இந்தக் கணக்கில் பின்தங்கியவர்கள் அல்லர். 1978 எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் ஏகாம்பரம் கருணாகரன். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் 149, 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கம் அவருக்கே. பிரெஞ்சில் முதல் தூக்கலை ‘அராஷே’, இரண்டாவதை ‘எப்போலே ழெத்தே’ என்பார்கள். முன்னது ஒரே இழுப்பில் தலைக்கு மேல் பறிப்பது. பின்னது தோளில் வைத்து எறிவது. தோளில் நிறுத்திப் பிறகு விடும் இளவட்டக்கல்லை நினைத்தால், பின்னதன் முதல் பாதி நம் ஊரிலேயே இருந்திருக்கிறது.

இதெல்லாம் இளைஞர் விஷயம், நமக்கென்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது.

என் மூத்த அண்ணன் எழுபத்தெட்டு வயதில் குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்புக்கு அறுவை நன்றாகவே நடந்தது. எலும்பு கூடியது, கால் கூடவில்லை. கட்டிலில் கிடந்த மாதங்களில் தொடை, என் மணிக்கட்டு அளவுக்கு வற்றியது போலத் தெரிந்தது. மறுபடி அவர் தானாக எழுந்து நிற்கவில்லை. அவர் போன பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

வயதில் தசை கரைவதற்குச் சார்க்கோபீனியா என்று 1989இல் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாத்தரோனே என்ற மருத்துவர் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய 10 பேரைப் பயிற்சிக்கு எடுத்தார். மென்மையான பயிற்சி அல்ல. ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடை எதுவோ அதில் 80 சதவீதம்வரை. எட்டு வாரம் முடித்த 9 பேருக்குக் கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. நடுத்தொடையின் தசை 9 சதவீதம் பெருத்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். 1994இல் 100 பேரை வைத்து நடத்திய அடுத்த ஆய்வில், பயிற்சி செய்தவர்களின் தசை பலம் 113 சதவீதம் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பேரன்மார் வாங்கி வரும் பெரிய டப்பாக்களைப் பார்க்கும்போது இந்த வரி நினைவுக்கு வருகிறது.

இப்போது என் வீட்டில் இரண்டு நோட்டுகள் உள்ளன. அலுவலகப் பழக்கம், விடவில்லை. ஒன்று இருப்புப் பதிவேடு. இரண்டு டம்பெல், கணுக்காலில் கட்டும் மணல் பட்டை ஒரு ஜோடி, ரப்பர் பட்டை ஒன்று, கைப்பிடி இல்லாத கனமான மர நாற்காலி ஒன்று. மணல் பட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, உண்மை எடையைப் பெயிண்டால் எழுதியிருக்கிறேன். இது கடற்கரை ஊர். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே மாதம் ஒருமுறை டம்பெல்லுக்கு எண்ணெய்த் துணி. ரப்பர் பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

மற்றது அன்றாடப் பதிவேடு. தேதி, பயிற்சி, எடை, எத்தனை முறை, குறிப்பு என்று ஐந்து பத்தி. வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு நாள். கடைசிப் பத்தியில் ‘முழங்கால் வலி’, ‘இரவு தூக்கமில்லை’, ‘காய்ச்சல், விடுப்பு’ என்று எழுதுவேன். எண்கள் இறங்கும்போது காரணம் அந்தப் பத்தியில்தான் கிடைக்கும். எழுதாதவன், வயதாகிவிட்டது என்று ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

மாதம் ஒருமுறை ஒரு சோதனை. கைகளை மார்பின் குறுக்கே வைத்து, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்பது. 70 முதல் 74 வயதுக்குள் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10 என்பதற்குக் கீழே போனால் விழும் அபாயம் கவனிக்க வேண்டியது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தார் அட்டவணை போட்டிருக்கிறார்கள். நான் தொடங்கியபோது 9. பதினோரு மாதத்தில் 14. என் மனைவி முதலில், “வேலை இல்லாத வேலை” என்றாள். இப்போது அவளுக்கும் அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து கணக்கு ஓடுகிறது. அவள் எண்ணை நான் இங்கே எழுதக் கூடாது என்பது உத்தரவு.

தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், குறிப்பாக இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். எழும்போது மூச்சை விடுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முதல் வாரம் எடையே வேண்டாம், எழுந்து உட்காருவது போதும். கூட்டும்போது அரைக் கிலோ கூட்டினால் தாராளம். மிலோனின் கன்று ஒரே நாளில் காளையாகவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இன்றைய தேதியையும் நாற்காலிக் கணக்கையும் எழுதிவிடுங்கள். எண் சிறியதாக இருந்தால் இருக்கட்டும். கணக்கு எதுவானாலும் ஆரம்ப இருப்பு என்று ஒன்று எழுதினால்தான் மேலே வரவு வைக்க முடியும்.