இடிபாடும் ஏடும்: தில்லி மாநகர், 1975–77

அரசு தன் ஆணையால் நகரைத் திருத்தியமைத்த வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் இடிந்த மனைகளையே எண்ணுவர். இடித்தபின் எழுதப்பெற்ற ஏடுகளை ஊன்றிப் பயில்வோர் சிலரே. 1975 சூன் 25 முதல் 1977 மார்ச்சு 21 வரை நிலவிய நெருக்கடி நிலைக் காலத்துத் தில்லி, இவ்விரண்டையும் ஒருங்கே காண்டற்கு ஏற்ற களமாகும்.

துர்க்மான் வாயில், ஷாஜகான் எழுப்பிய மதில்நகரின் தென்புற வாயில்களுள் ஒன்று. அணித்தே அடக்கமாகியுள்ள ஷா துர்க்மான் என்னும் சூஃபிப் பெரியாரால் பெயர் பெற்றது. தில்லி வளர்ச்சிக் குழுமத்தின் துணைத்தலைவராயிருந்த ஜக்மோகன், இம்மதில்நகரைப் புதுக்குதல் பற்றி 1975-இல் நூலே இயற்றியவர். அவருக்கு நகரின்மேல் பற்றில்லை என்றல் இயலாது. குடியிருப்போரைக் கேட்டறியும் கடப்பாடுதான் அப்பற்றில் இடம்பெறவில்லை. 1976 ஏப்ரல் 13-இல் அப்பகுதியில் இடிப்பு தொடங்கிற்று. அந்நாள்களிலேயே, சற்றுத் தொலைவிலுள்ள துஜானா இல்லத்தில் கருத்தடை முகாமும் திறக்கப்பெற்றது. 19-ஆம் நாள் மக்கள் திரண்டு எதிர்த்தனர், காவலர் சுட்டனர். இறந்தோர் தொகையில் இன்றும் உடன்பாடில்லை. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தமை அதற்கு ஒரு காரணம். மனையிழந்தோர் யமுனைக்கு அப்பால் திரிலோக்புரி, நந்த் நகரி முதலிய இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நெருக்கடிக் காலத்தில் தில்லியில் இடிக்கப்பட்ட கட்டடங்கள் 1,50,000-க்கும் மேற்பட்டவை என்பது பின்னர் அமைந்த ஷா ஆணையத்தின் கணக்கு.

இதுகாறும் கூறியவை பலரும் அறிந்தனவே. ஈண்டு நோக்கத்தக்கது பிறிதொன்று. மானிடவியல் அறிஞர் எம்மா தார்லோ, கிழக்குத் தில்லியின் வெல்கம் குடியிருப்பை ஆராய்ந்து 2003-இல் ஒரு நூல் வெளியிட்டார். குழுமத்தின் கோப்புகளில் அவர் கண்ட படிவங்கள், மனை பெறுதலையும் கருத்தடையையும் ஒரே தாளில் பிணைத்திருந்தன. அறுவை 'தன்விருப்பத்தால்' செய்துகொள்ளப்பட்டது என்பது அப்படிவத்தின் வழக்கு. வீடிழந்து நின்றவனுக்கு வேறு வழி யாது இருந்தது என்று எழுதுதற்கு அதில் இடமில்லை. கல்வெட்டு விலையாவணங்களின் மரபுத்தொடர்களை நடந்த செய்தியாகவே கொள்ளலாகாது என்பதை நாம் நன்கறிவோம். அவ்விழிப்பு அச்சிட்ட படிவத்திற்கும் வேண்டுவதன்றோ?

தார்லோ காட்டும் மற்றொரு செய்தி நெஞ்சை உறுத்துவது. தாம் அறுவைக்கு உட்பட விரும்பாதோர், பிறர் ஒருவரை அதற்கு இசைவித்தால் 'ஊக்குவித்தோர்' என்ற முறையில் மனையுரிமை பெறலாம். ஆகவே சிலர் தம்மினும் வறியவர்க்குப் பொருள் கொடுத்து அவரை முகாமிற்கு அனுப்பினர். மேலிருந்து வந்த வன்மை இவ்வாறு கீழ்நோக்கிக் கைமாறிற்று. இதனையும் குடியிருப்புக்கான போராட்டம் எனலாமா? எனலாம் என்பதே என் கருத்து. துர்க்மான் வாயிலில் எதிர்த்து நின்றோரை மட்டும் போற்றி இவர்களை விடுத்தெழுதும் வரலாறு குறையுடையது. ஆயின் விலைபெற்று அறுவைக்கு உட்பட்ட வறியவரை இன்னும் எவ்வரலாற்றில் வைப்பது? அவர் கைக்குப் பொருள் வந்த செய்தி படிவத்தில் இல்லை. வெல்கம் மக்கள் வாய்மொழியாகக் கூறியதனாலேயே தார்லோ அதனை அறிந்தார்.