உங்க பிராண்ட் கடை ரேக்குக்குப் போகணுமா? முதல் ஆர்டரைவிட ரெண்டாவது ஆர்டர்தான் முக்கியம்!

இட்லிப் பொடி, சத்துமாவு, ஊறுகாய், மூலிகை சோப்... இப்படி வீட்டிலேயே தயாரித்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் வரும் ஆசை, 'நம்ம பாக்கெட் கடையில இருக்கணும்!' நியாயமான ஆசைதான். ஆனால், வாட்ஸ்அப் வியாபாரத்தில் காசு வந்த பிறகுதான் பார்சல் போகும். கடையிலோ சரக்கு முதலில் போகும், காசு பின்னால் வரும். அந்த இடைவெளியில் கைமுதல் மாட்டிக்கொண்டு தொழிலையே நிறுத்தியவர்கள் உண்டு. அதனால், கடை ஏறும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைக்காரர் மனசுல என்ன ஓடும்?

'என் பொடி ரொம்ப டேஸ்ட்டா இருக்கும்' என்பது கடைக்காரருக்கு இரண்டாம்பட்சம். அவருக்கு ரேக்கில் இருக்கும் ஒவ்வொரு சாணும் காசு. 'இந்த இடத்துல ஏற்கெனவே ஓடுற சரக்கை எடுத்துட்டு இதை வெச்சா, இது மூவ் ஆகுமா? ஆகலைன்னா யார் திருப்பி எடுப்பா?' இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வைத்திருப்பவருக்குத்தான் இடம் கிடைக்கும்.

கையில என்ன இருக்கணும்?

உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு அல்லது உரிமம் கட்டாயம். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். அதோடு சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியல், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, எம்.ஆர்.பி., ஒரு கிராமுக்கான விலை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரிப்பாளர் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், சைவம் என்றால் பச்சைக் குறியீடு... இவையெல்லாம் லேபிளில் வர வேண்டும். சோதனைக்கு அதிகாரி வந்தால் கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் லேபிள் சரியில்லாத பாக்கெட்டை விவரமானவர்கள் வாங்குவதில்லை.

பில் போடும் மெஷின் உள்ள கடைகளில் பார்கோடும் கேட்பார்கள். இந்தியாவில் அதை ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பிடம் பதிவுசெய்து வாங்கலாம். இங்கே வழங்கப்படும் 13 இலக்க எண் 890 என்று தொடங்கும்.

கணக்கு எங்கே இடிக்கும்?

'25 பர்சன்ட் மார்ஜின் வேணும்மா' என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். 'எம்.ஆர்.பி-யில 25-ஆ, வாங்குற விலை மேல 25-ஆ அண்ணாச்சி?' என்று கேளுங்கள். 100 ரூபாய் பாக்கெட் என்றால், முதல் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது 75 ரூபாய். இரண்டாவது கணக்கில் 80 ரூபாய். ஒரு பாக்கெட்டுக்கு 5 ரூபாய் வித்தியாசம்!

75 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பருப்பு, மிளகாய், எண்ணெய், கேஸ், பவுச், ஸ்டிக்கர், உங்கள் கூலி எல்லாம் சேர்த்து 50 ரூபாய். பெட்ரோலுக்கும் டேமேஜுக்கும் 10 ரூபாய். மிச்சம் 15 ரூபாய். ஜி.எஸ்.டி இருந்தால் அதுவும் இதற்குள்தான். நடுவில் ஏஜென்ட் வந்தால் அவர் பங்கும் இதிலிருந்துதான் போகும். 'என் உழைப்புக்குக் காசு போடலை' என்று கணக்கு எழுதினால் லாபம் இருப்பது போலத்தான் தெரியும். நாளைக்கு ஓர் ஆளை வேலைக்கு வைக்கும்போது உண்மை தெரியும்.

அஞ்சு கடை போதும்!

ஒரு கடைக்கு 12 பாக்கெட் வீதம் 20 கடைக்குக் கொடுத்தால், உங்களுடைய 18,000 ரூபாய் ஊரெல்லாம் ரேக்கில் உட்கார்ந்திருக்கும். அது திரும்பி வரும் முன்பே அடுத்த பேட்சுக்கு மிளகாய் வாங்கக் காசு வேண்டும். ஐந்து கடை என்றால் 4,500 ரூபாயோடு முடியும். வாராவாரம் நேரில் போய்ப் பார்க்கவும் முடியும். ஒரே தெருவில் நாலு கடைக்குக் கொடுக்காமல், ஏரியாவுக்கு ஒன்று எனப் பிரித்துக் கொடுங்கள்.

காலையும் மாலையும் கடையில் கூட்டம் அதிகம். மாத முதல் வாரம் மளிகை லிஸ்ட்டோடு ஆட்கள் நிற்பார்கள். மாதத்தின் நடுவில், மதிய நேரத்தில் போனால் நின்று பேசலாம். பேச்சைவிட சாம்பிளும் விலைப்பட்டியலும் அதிகம் பேசும். முதலாளி வீட்டுக்கு ஒரு பாக்கெட் கொடுங்கள். கடைப் பையனுக்கும் ஒன்று கொடுங்கள். 'அக்கா, நல்ல பொடி எது?' என்று கேட்பவருக்குக் கையை நீட்டிக் காட்டப்போவது அவர்தான்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கீழ் ரேக்கில் போனால் யார் கண்ணிலும் படாது. இட்லிப் பொடி என்றால், மாவு பாக்கெட் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாண்டு வைக்க அனுமதி கேளுங்கள்.

'வெச்சுட்டுப் போங்க, வித்தா காசு தர்றோம்!'

புது பிராண்டுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். ஒப்புக்கொள்ளலாம். ஆனால், எத்தனை பாக்கெட், என்ன விலை, எப்போது கணக்குப் பார்ப்பது, விற்காததை எத்தனை நாளில் திரும்ப எடுப்பது என்பதை டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய பில்லுக்குக் காசு வராமல் புதுச் சரக்கு கிடையாது என்பதை முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

உத்யம் பதிவு இலவசம், செய்துவைத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு தொழில் செய்பவரிடம் சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. தெருமுனைக் கடையோடு யாரும் சட்டம் பேசப்போவதில்லை. ஆனால், சூப்பர் மார்க்கெட்டோடு ஒப்பந்தம் போடும்போது கடன் நாள்களை எழுத இது பிடிமானம். அங்கே ரேக்கில் இடம் தர, ஆஃபர் போட என்று தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. அதையும் விலைக் கணக்கில் சேர்த்த பிறகே கையெழுத்து போடுங்கள்.

கடைக்கு ஆளை அனுப்புங்க!

கடலூரைச் சேர்ந்த சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தொடங்கிய தொழிலில் பிறந்தது சிக் ஷாம்பு. எந்த பிராண்டாக இருந்தாலும் ஐந்து காலி சாஷேக்களைக் கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார். பிறகு, சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். வாடிக்கையாளர்களே கடையில் பெயர் சொல்லிக் கேட்டதால், கடைக்காரர்கள் தேடி வாங்கி வைத்தார்கள்.

நீங்கள் அவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டாம். உங்கள் வாட்ஸ்அப் வாடிக்கையாளர்களில் அந்த ஏரியாவில் இருப்பவர்களிடம், 'இனி நம்ம பொடி இந்தக் கடையிலயே கிடைக்கும்' என்று சொல்லி அனுப்புங்கள். ஆனால், கடையில் 100 ரூபாய்க்கு விற்பதை நீங்கள் ஆன்லைனில் 80-க்குக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் காதுக்குப் போனால் அடுத்த நாளே பாக்கெட் மூட்டை கட்டப்படும்.

வாரம் ஒருமுறை...

கொடுத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை போய், தூசி தட்டி, பழைய தேதியை முன்னால் நகர்த்தி, எத்தனை விற்றது என்று நோட்டில் எழுதுங்கள். காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மிச்சத்தைத் திரும்ப எடுங்கள். நாலு வாரத்தில் ஒரு கடையில் 12-ல் 3-தான் விற்றது என்றால், வருத்தப்படாமல் எடுத்து வேறு கடையில் வையுங்கள். இன்னொரு கடையிலிருந்து, 'ஏம்மா, பொடி தீர்ந்துடுச்சு, எப்போ வர்றீங்க?' என்று போன் வந்தால், ஆறாவது கடையைப் பற்றி யோசிக்கலாம்.