வக்கீலின் பேனா

வக்கீல் என்றதும் நமக்கு நினைவு வருவது அவருடைய வாய்தான். வாயாடிப் பையனைப் பார்த்து, 'இவனை வக்கீலுக்குப் படிக்க வை' என்கிறோம். ஆனால் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டின் சரித்திரத்தைப் புரட்டினால், வக்கீலின் வாய்க்கு வேலை குறைந்துகொண்டே வந்திருப்பது தெரிகிறது.

1819-இல் மெக்கல்லக் வழக்கில் ஒன்பது நாள் வாதாடினார்கள். 1821-இல், வாதத்தை எழுத்திலும் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 1849-இல் ஒரு வக்கீலுக்கு இரண்டு மணி நேரம். 1970-இல் தரப்புக்கு அரை மணி. அதிலும் பாதி நீதிபதிகளின் குறுக்குக் கேள்விகளுக்குப் போய்விடும். ஆகவே வழக்கின் உயிர், 'பிரீஃப்' என்ற எழுத்து வாதத்திற்குள் குடிபுகுந்துவிட்டது.

சட்டப் பள்ளிகளோ வாயைத்தான் வளர்த்தன. 1870-இல் ஹார்வர்டில் லாங்டெல் புகுத்திய முறைப்படி, ஆசிரியர் ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். மாணவன் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையே 1890-இல் டெட்ராய்ட் நகரில் ஸ்ப்ரேக் என்பவர் தபாலிலேயே சட்டம் கற்பிக்க ஆரம்பித்தார். 1998-இல் கான்கார்ட் என்ற சட்டப் பள்ளி முழுக்க இண்டர்நெட்டிலேயே பிறந்தது.

அடுத்த வருஷமே சுப்ரீம் கோர்ட் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார் இதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். சக மாணவன் முகத்தையும் ஆசிரியர் முகத்தையும் ஒரு தடவைகூடப் பாராமல் ஒருவர் சட்டப் பட்டம் வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த அம்மையாரின் கதையே எனக்கு வேறொன்றும் சொல்கிறது.

ஐடஹோ மாகாணத்தில் ஸாலி ரீட் என்ற தாயின் மகன் 1967-இல் இறந்துபோனான். அவன் விட்டுப்போன சொற்பச் சொத்தை நிர்வகிக்கத் தாயும், அவளைப் பிரிந்துவிட்ட தகப்பனும் மனுப்போட்டார்கள். தகுதி சமமானால் ஆணுக்கே முதலிடம் என்றது அங்கிருந்த சட்டம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. எழுத்து வாதத்தைத் தயாரித்ததில் முக்கியப் பங்கு கின்ஸ்பர்க்குடையது. கோர்ட்டில் எழுந்து பேசியவர் வேறு வக்கீல். 1971-இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தாயின் பக்கம் நின்றார்கள். வாயைத் திறக்காமல், எழுதியே வென்ற வழக்கு!

அந்த எழுத்தை அவர் எங்கே கற்றார்? கார்னெல் கல்லூரியில் நாவலாசிரியர் நபோக்கோவிடம் இலக்கியம் படித்தவர் அவர். சரியான சொல்லையும் அதற்குரிய இடத்தையும் தேடும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது என்று பின்னாளில் நன்றியோடு சொன்னார். இன்னொரு குருவும் உண்டு. கொலம்பியாவில் அவருக்கு டைப் அடித்துக் கொடுத்த பெண்மணி! 'பக்கத்துக்குப் பக்கம் "செக்ஸ்" என்று எழுதுகிறீர்களே, அந்த ஒன்பது ஆண்களுக்கும் புத்தி வேறெங்கோ போகாதா? இலக்கணத்தில் வரும் "ஜெண்டர்" என்ற சொல்லைப் போடுங்களேன்' என்றாளாம். அம்மையாரும் கேட்டுக்கொண்டார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன் நான். எழுதக் கற்றது, முகம் பார்த்திராத ஒரு பத்திரிகாசிரியரிடம். கதை தபாலில் போகும். சிவப்புப் பென்சில் கோடுகளோடு திரும்பி வரும். 'இந்த இடத்தில் நம்ப முடியவில்லை' என்று ஓரத்தில் ஒரு வரி இருக்கும். இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. மூன்றாம் நாள் திருத்தி எழுதுவேன்.

பிரீஃபைப் படிக்கும் நீதிபதியும் எழுதுகிறவனுக்கு எதிரே இல்லை. தனி அறையில் படிக்கிறார். புருவம் நெரிந்தால் நமக்குத் தெரியாது; உடனே சமாளிக்கவும் வழியில்லை. காணாதவரை இணங்கவைக்கும் வித்தையைக் காணாத ஆசிரியரிடம் கற்பதில் என்ன முரண்? ஆனால் அவர் திருத்த வேண்டும். திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். மார்க்கு மட்டும் போட்டுவிட்டுப் போனால், திரையானால் என்ன, திண்ணையானால் என்ன?

2020 மார்ச்சில் கொரோனா வந்து, ஹார்வர்டு உள்படச் சட்டப் பள்ளிகளைத் திரைக்குள் தள்ளிவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் கின்ஸ்பர்க் காலமானார். அவருடைய கேள்வி மட்டும் நிற்கிறது. முகம் தெரியாமல் கற்கலாம் என்றே நான் நினைக்கிறேன். 'அம்மா, இந்தச் சொல் சரியில்லை' என்று துணிந்து சொல்ல ஓர் ஆள் இல்லாமல் கற்க முடியாது. அந்தச் சொல்லில் தொங்குவது எழுதுகிறவனின் பெருமை அல்ல, ஸாலி ரீட் போன்ற ஒருத்தியின் நியாயம்.