அம்மா கேட்ட கேள்வியும் 28 நாள் மாசமும்

பொண்ணு பன்னிரண்டாவது படிச்ச வருஷம் அம்மா கோவில்பட்டி வீட்டைப் பூட்டிட்டு எங்களோட நாக்பூர்ல வந்து இருந்தாங்க. அவங்களோட பட்டன் போனை ஆஃப் பண்ணி பெட்டிக்குள்ள வச்சாச்சு. ரீசார்ஜ் பண்ணணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரலை. பரீட்சை எல்லாம் முடிஞ்சு, ஊருக்குக் கூட்டிட்டுப் போய் போனைப் போட்டா சிக்னலே இல்லை. சரின்னு என் போன்ல இருந்து அந்த நம்பருக்கு அடிச்சேன். யாரோ ஒரு தம்பி எடுத்து "யாரு வேணும்?"ங்கறார்!

அப்பா இருந்தப்போ 2006ல வாங்கிக் குடுத்த நம்பர் அது. சமையக்கட்டு சுவத்துல அப்பா கையெழுத்துல இன்னமும் இருக்கு. குடும்ப ஓய்வூதியம் வர்ற பேங்க் கணக்கு, ஆதார், கேஸ் எல்லாத்துக்கும் அதே நம்பர்தான். "மொபைல் நம்பரை அப்டேட் பண்ணிக்கோங்க"ன்னு தினமும் கவுண்டர்ல அடுத்தவங்களுக்குச் சொல்ற நான், அம்மாவைக் கூட்டிக்கிட்டு வேற ஒரு பேங்க் வரிசையில ஃபாரத்தோட நின்னேன்.

திரும்பி வரும்போது அம்மா கேட்டாங்க. "ஏய்யா, நான் யாருக்குமே போன் போடுறதில்லையே. வர்ற போனைத்தான எடுக்கேன். அதுக்கு எதுக்குய்யா மாசாமாசம் துட்டு?"

பி.காம். படிச்சு, இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல குப்பை கொட்டறவன் நான். சட்டுன்னு பதில் வரலை. ஊர்ல இருந்து ரயில்ல திரும்பும்போதுதான் யோசிச்சேன். பதில் சொல்ல முப்பது வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எடுத்தாலும் காசு

1995 ஜூலை 31. கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்ல இருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமோட பேசினார். இந்தியாவோட முதல் செல்போன் கால். அப்போ நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் கட்டணம். கூப்பிட்டாலும் காசு, வந்த காலை எடுத்தாலும் காசு. நான் அப்போ காலேஜ் பையன். எங்களுக்கெல்லாம் மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்தும், ராத்திரி சலுகை நேரமும்தான். மீட்டர்ல ஓடுற சிவப்பு எண்ணைப் பாத்துக்கிட்டே பேசின தலைமுறை.

"கூப்பிடறவர்தான் குடுக்கணும்"னு டிராய் 1999லயே ஒரு முயற்சி பண்ணிச்சு. 2000 ஜனவரியில டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. கடைசியில 2003 மே மாசம்தான் அது நடைமுறைக்கு வந்து இன்கமிங் இலவசம் ஆச்சு. செல்போன் ஏழை வீட்டுக்குள்ள நுழைஞ்சது அதுக்கப்புறம்தான்னு நான் சொல்வேன். மிஸ்டு கால் குடுத்து நாம வளர்த்த நாகரிகமெல்லாம் அந்த இலவச இன்கமிங் போட்ட பிச்சைதானே!

2005 டிசம்பர்ல 'லைஃப்டைம்' திட்டம் 999 ரூபாய்க்கு வந்துச்சு. ஒரு தடவை கட்டினா ஆயுசுக்கும் இன்கமிங். 2006 மார்ச்ல பிஎஸ்என்எல் நாடு முழுக்க நிமிஷம் ஒரு ரூபாய்னு 'ஒன் இந்தியா' கொண்டு வந்துச்சு. 2009ல டாடா டோகோமோ செகண்டுக்கு ஒரு பைசான்னு இறங்கினதும் மத்தவங்களும் பின்னாடியே ஓடி வந்தாங்க. வடக்கே வேலைக்கு வந்த நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அது பொற்காலம்.

அம்மா அப்போ லாபம், இப்போ நஷ்டம்

இங்கதான் கணக்கு இருக்கு. உங்க கார்டை வேற பேங்க் ஏடிஎம்ல போட்டா, உங்க பேங்க் அந்த பேங்குக்கு ஒரு தொகை குடுக்கும். செல்போன்லயும் அப்படித்தான். நான் கூப்பிட்டு அம்மா எடுத்தா, என் கம்பெனி அம்மாவோட கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு குடுக்கும். 2004ல இருந்து அது 30 பைசா. 2009ல 20 ஆச்சு, 2015ல 14 ஆச்சு. அதாவது அம்மா ஒரு பைசா ரீசார்ஜ் பண்ணாட்டியும், போனை எடுத்துப் பேசறதாலேயே அவங்க கம்பெனிக்கு வரவு!

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. பேச்சு இலவசம், டேட்டாவுக்கு மட்டும் காசு. அப்புறம் டிராய் அந்த 14 பைசாவை 2017 அக்டோபர்ல 6 ஆக்கிச்சு, 2021 ஜனவரி 1ல பூஜ்யம் ஆக்கிச்சு. போட்டியில பல கம்பெனிகள் காணாமப் போச்சு. நம்ம ஊர்ப்பக்கம் நெறைய பேர் வச்சிருந்த ஏர்செல் 2018ல திவால்னு கை தூக்கிடுச்சு. மிச்சம் இருந்தவங்க தலையில, பழைய பாக்கி விஷயமா 2019 அக்டோபர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் விழுந்துச்சு. பேலன்ஸ் ஷீட் பாக்கறவன்ங்கறதால சொல்றேன், கம்பெனிகள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு.

ஆனா விளைவு? வெறும் இன்கமிங் வாடிக்கையாளர் வரவுப் பக்கத்துல இருந்து செலவுப் பக்கத்துக்கு மாறிட்டார். 2018 நவம்பர் வாக்குல '28 நாளுக்கு 35 ரூபாய் போடலைன்னா சேவை நிக்கும்'னு ஆரம்பிச்சது. அந்தத் தொகை படிப்படியா ஏறி, 2024 ஜூலையில பெரிய தனியார் கம்பெனிகள்ல 28 நாளுக்கு 189, 199னு வந்து நின்னுச்சு. கூடவே வேணாம்னாலும் டேட்டா. பட்டன் போன்ல அம்மா டேட்டாவை வச்சு என்ன பண்ணுவாங்க, ரசமா வைக்க முடியும்?

28 நாள்னா வருஷத்துக்கு 13 மாசம். 199 பெருக்கல் 13, 2,587 ரூபாய். இன்னொரு கணக்கும் சொல்றேன். மத்திய அரசோட முதியோர் ஓய்வூதியத்துல 60 வயசுக்காரருக்கு அரசோட பங்கு 2024லயும் மாசம் 200 ரூபாய்தான். மாநிலங்கள் மேல கொஞ்சம் சேர்த்துக் குடுக்கறதாலதான் அவங்க சாப்பிட முடியுது.

டிராய் குடுத்த பதில்

28 நாள் தந்திரத்துக்கு 2022 ஜனவரியில டிராய் ஒரு முடிவு சொல்லிச்சு. 30 நாள் திட்டம் ஒண்ணாவது, மாசாமாசம் அதே தேதியில வர்ற திட்டம் ஒண்ணாவது கட்டாயம். 2024 டிசம்பர்ல அடுத்த உத்தரவு, டேட்டா இல்லாம பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒண்ணாவது தரணும். 2025 ஜனவரியில வந்துச்சு. 84 நாளுக்கு 448, 469. 336 நாளுக்கு 1,748, வருஷத்துக்கு 1,849. 28 நாளுக்குக் கணக்குப் போட்டா சுமார் 150 ரூபாய். லாபம்தான், மறுக்கலை. ஆனா மொத்தமா 450 ரூபாய் எடுத்து வைக்க முடியாதவங்களுக்கு?

பேங்க்ல எங்களுக்கும் இதே பிரச்சினை இருந்துச்சு. ஏழையோட கணக்கு எங்களுக்கும் நஷ்டம்தான். ஆனா ரிசர்வ் பேங்க் விடலை. 2012ல இருந்து மினிமம் பேலன்ஸ் இல்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கை யார் கேட்டாலும் குடுக்கணும். 2024 ஏப்ரல்ல இருந்து, முடங்கின கணக்கை மறுபடி திறக்க ஒரு பைசா வாங்கக் கூடாது. ஆனா அந்த பூஜ்ய பேலன்ஸ் கணக்குக்கு மெசேஜும் ஓடிபியும் வர்ற போனுக்கு மட்டும் மினிமம் பேலன்ஸ்! பூட்டு இலவசம், சாவிக்கு மாச வாடகை.

அம்மாவோட கேள்விக்கு என் பதில் இதுதான். 2003ல ஒழிச்ச இன்கமிங் கட்டணம் வேற பேர்ல திரும்பி வந்துடுச்சு. முன்னாடி பேசின நிமிஷத்துக்குக் கட்டினோம். இப்போ நம்பரை வச்சிருக்கறதுக்குக் கட்டறோம். போனும் இன்னிக்கு ரேஷன் கார்டு மாதிரி ஆயிடுச்சு, அதுக்கும் ஒரு அடிப்படைக் கணக்கு வேணும்.

அது வர்ற வரைக்கும் ஒரு வேலை பண்ணுங்க. ஊர்ல அப்பா அம்மா கையில இருக்கற நம்பரோட கடைசித் தேதியை இன்னிக்கே பாருங்க. முடிஞ்சா வருஷ ரீசார்ஜ் போட்டுடுங்க. அவங்க உங்க வீட்டுக்கு வந்து இருந்தாலும் அந்த சிம்மைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க.

அம்மாவுக்குப் புது நம்பர் வாங்கியாச்சு. சமையக்கட்டு சுவத்துல அப்பா எழுதினதுக்குக் கீழ நான் எழுதி வச்சேன். பழசை அழிக்க அம்மா விடலை.